ஆற்றைப் பார்த்த பெயர்

எங்கள் சபையில் பெயர் எழுதாத பொருளைக் கண்டுபிடிப்பது கடினம். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஒரே குடும்பத்தின் பெயர். மேடைக்கு ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர், செருப்பு அலமாரிக்கு ஒருவர். சுவர்க் கடிகாரத்தின் முகத்தில் ‘மறைந்த ஞானசிகாமணி நினைவாக’ என்று இருக்கும். பிரசங்கம் நீளும்போதெல்லாம் சபை மொத்தமும் அவரை நினைத்துக்கொள்ளும். ஞானஸ்நானத் தொட்டியின் உட்சுவரில்கூட ஒரு பெயர் உண்டு. தண்ணீரில் முங்கி எழுந்து புது வாழ்வுக்குக் கண் திறக்கிறவர் முதலில் பார்ப்பது அந்த நன்கொடையாளரைத்தான்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். என் பட்டச் சான்றிதழை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் தேதி பார்க்க வேண்டுமென்றால் என் பெயரைப் படித்தாக வேண்டும். பெயர் ஆசையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் சுப்புராயன் மாமாவின் கதையைச் சிரிக்காமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மாமா என்றால் உறவில்லை. அடையாற்றில், ஆற்றை ஒட்டிய எங்கள் சந்தில் எல்லோருக்கும் அவர் மாமாதான். தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பெரிய உருவம், மார்பு வரை தாடி. எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர் என்பதால் மெல்லப் பேச வராது. “மௌனமாக ஜெபிப்போம்” என்று பாஸ்டர் சொன்னால், மாமாவின் மௌனம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும். மூட்டு வலி, லாரிக்கு டயர், மச்சினனுக்கு நல்ல புத்தி என்று அவர் கடவுளிடம் கேட்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். மச்சினனுக்கும் தெரியும்.

அவர் சபைக்கு வந்தது சிறுநீரகக் கல்லால். பாஸ்டர் சித்தார்த்தன் தலையில் கை வைத்து ஜெபித்தார், டாக்டர் மாத்திரை கொடுத்தார், கல் வெளியே வந்தது. புகழை ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்துவிட்டு மாமா ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அந்த உயரத்தையும் தாடியையும் பார்த்த பாஸ்டருக்கு வேறு பெயரே தோன்றவில்லை. ஆபிரகாம் என்று வைத்துவிட்டார். திரளான ஜாதிகளுக்குத் தகப்பன் என்று கடவுளே பெயர் மாற்றிக் கொடுத்த ஆபிரகாம். மாமாவுக்கும் செண்பகம் அத்தைக்கும் குழந்தைகள் இல்லை என்பது பாஸ்டருக்கு மறுவாரம்தான் தெரிந்தது. பதறிப்போய், “தானியேல்னு மாத்திக்கலாமா பிரதர்?” என்று கேட்டார்.

“வெச்சது வெச்சதுதான் ஐயா. இன்னா, சட்டையா மாத்திக்கினே இருக்க?” என்றார் மாமா.

அந்த ஆபிரகாமுக்கு நூறு வயதில் பிள்ளை பிறந்த கதையை வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னாராம். அத்தை மீன் கழுவிக்கொண்டே, “நூறு வயசுல உனக்குப் புள்ள பொறந்தாகண்டி, அத இஸ்கூலுக்கு யாரு இட்னு போவா?” என்று கேட்டாராம்.

செண்பகம் அத்தை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கிருத்திகைக்கு வடபழனி, ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் சபை. “ஒருத்தரு தூங்குனா இன்னொருத்தரு பாத்துப்பாரு” என்பது அவர் கணக்கு.

போன வருடம் ஒரு ஞாயிறு, கடவுள் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிப் பாஸ்டர் பேசினார். ஊரை விட்டு, இனத்தை விட்டுக் கிளம்பிய ஒரு கிழவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும், உன் பெயரைப் பெரிதாக்குவேன் என்று சொன்ன கடவுள், சொன்னதை மறக்கவில்லை என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டும் ப்ரொஜெக்டரின் பின்னால் உட்கார்ந்து, இப்படி ஒரு வாக்கை நம்பி நானென்றால் வீட்டை விட்டுக் கிளம்புவேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கே இன்னும் கிளம்பாதவன் நான்.

கூட்டம் முடிந்ததும் மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு எட்டிய அளவில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதாவது பாதிச் சபைக்குத்தான் கேட்டது.

“நைனா, நான் பூட்டா, சுப்புராயன்னு ஒருத்தன் இருந்தான்னு சொல்றதுக்கு யாரு கீறாங்க?”

“ஏன் மாமா, நாங்கெல்லாம் இல்லியா?”

“நீ வேலை கெட்ச்சா பெங்களூரு பூடுவ. ஞானசிகாமணியப் பாரு. செத்தும் மணி காட்டிக்கினு கீறான். எனக்கும் ஒரு பேரு நிக்கணும் நைனா.”

அன்றைக்கே தேட ஆரம்பித்தார். மேசை, நாற்காலி, திரைச்சீலை, தண்ணீர் வடிகட்டி, எதைத் திருப்பினாலும் ஒரு பெயர் இருந்தது. பின்பக்கம் போனவர், “கக்கூசு கதவுலகூட எய்திட்டான்யா!” என்று கத்தினார். கடைசியில் மொட்டை மாடியில் விடை கிடைத்தது. பழைய தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. புதிதாகப் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் வாங்கித் தருகிறேன், நானே லாரியில் கொண்டுவந்து நிரப்பியும் விடுகிறேன் என்றார் மாமா. பாஸ்டருக்கு மகிழ்ச்சி.

“பேரு மட்டும் பெருசா இருக்கணும் ஐயா. மாடி மேல ஏறி யாரு படிப்பா? ரோட்லேர்ந்து தெரியணும்.”

“தாராளமா எழுதுங்க பிரதர்” என்றார் பாஸ்டர். அவர் நினைத்த அளவு ஒரு சாண்.

எழுதியவர் பீர் முஹம்மது. எங்கள் பகுதியில் கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயர், பள்ளிவாசல் பலகை, சபையின் மின்விசிறி எல்லாம் அவர் கைதான். ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று, ஆள் உயர டேங்கில் ஆள் இடுப்பு உயர எழுத்தில் ‘ஆபிரகாம் சுப்புராயன்’ என்று வெள்ளைப் பெயிண்ட்டால் எழுதினார். வேலை முடிந்ததும் மாமா சாலையில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். ‘ஆபிரகாம்’ என்று மட்டும் இருந்தது.

“பாய்! சுப்புராயன் எங்க?”

“பின்னால கீது அண்ணாத்த.”

“பின்னாலன்னா?”

“நீ பெருசா கேட்ட, நானும் பெருசா எய்தினேன். டேங்கு உருண்டையா கீது. நான் எய்திக்கினே போறேன், அது சுத்திக்கினே போவுது. சுப்புராயன் ஆத்துப் பக்கம் பூட்டாரு.”

மாமா மாடி ஏறி, டேங்கைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ‘சுப்புராயன்’ கம்பீரமாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆற்றில் சில கொக்குகள் நின்றன.

“கொக்குக்குப் பேரு எய்திக் குட்த்துகிறியா நீ?”

திருத்தி எழுத பீர் முஹம்மதுக்கு நேரமில்லை. மயிலாப்பூரில் திருவிழா வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். அது முடியும் வரை மாமா பட்ட பாடு கொஞ்சமில்லை. சாலையில் போகிறவர்கள் எல்லாம் அது வேதத்தில் வரும் ஆபிரகாம் என்றே நினைத்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, “இன்னா மாமா, மோசேக்கு எப்போ டேங்கு வெக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா சாப்பாட்டைக் குறைத்தார். மௌன ஜெபத்தில் பீர் முஹம்மதின் பெயர் அடிபட்டது.

இதற்கிடையில் சபையின் ஆண்டு விழா வந்தது. நாகர்கோவிலிலிருந்து ஒரு பெரிய பிரசங்கியார் வருவதாக ஏற்பாடு. வருகிறவர் கண்ணில் தன் பெயர் படாமல் போகக் கூடாது என்பதில் மாமா உறுதியாக இருந்தார். எழுத்தை மாற்ற முடியாவிட்டால் டேங்கைத் திருப்பி வைப்பது. பாதித் தண்ணீர்தானே இருக்கிறது, ஒரு தள்ளு தள்ளினால் சுப்புராயன் சாலைப் பக்கம் வந்துவிடுவார். லாரியில் தினமும் குழாய் மாட்டிக் கழற்றுகிற மனுஷனுக்கு டேங்கின் குழாய் இணைப்பு மட்டும் ஞாபகம் வரவில்லை.

விழா நாளில் பிரசங்கியார் தாவீதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடவுளுக்கு ஒரு வீடு கட்டித் தருகிறேன் என்று ராஜா ஆசைப்பட்டான். கடவுளோ, நான் உன்னிடம் வீடு கேட்டேனா, நானல்லவா உனக்கு வீடு கட்டுவேன், உன் வம்சத்தை நிலைநிறுத்துவேன் என்று தீர்க்கதரிசியிடம் சொல்லி அனுப்பினார். இந்த இடத்தில் எனக்கு மாமாவின் நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் பட்டது. தலைக்கு மேல் எதையோ இழுக்கும் சத்தமும் கேட்டது.

“அவர் வாக்கு பொய்க்காது!” என்று பிரசங்கியார் கையை உயர்த்தினார்.

மேலே ‘படார்’ என்றது. மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கி வந்தது. முதல் வரிசையில் ஒருவர் பரவசமாகி, “அல்லேலூயா!” என்று எழுந்து நின்றார். செருப்புகள் அலமாரியை விட்டு மிதந்து மேடையை நோக்கி வந்தன. பிரசங்கியார் கணுக்காலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, பாஸ்டர் பக்கம் குனிந்து, “இன்னைக்கு ஞானஸ்நான ஆராதனையும் உண்டுமா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

செண்பகம் அத்தை மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “ஐயோ, எங்கூட்டுக்காரன்!” என்றார். அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

மாமா நனைந்த தாடியோடு வாசலில் வந்து நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஒன்னியும் இல்ல. நீங்க பிரசங்கம் பண்ணிக்கினே இருங்க” என்றார்.

கீபோர்டு போனது. ஒலிபெருக்கி போனது. எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் பெயர் இருந்ததால் அந்தந்தக் குடும்பம் மாமாவிடம் தனித்தனியாகச் சண்டைக்கு வந்தது. பாஸ்டர் பொறுமைசாலி. அந்த ஒரு வாரம் மட்டும் பொறுமை இல்லை. அடுத்த ஞாயிறு மேடை ஏறியவர், இனி இந்தச் சபையில் எதிலும் எவர் பெயரும் இருக்காது, எல்லாவற்றையும் வெள்ளிப் பெயிண்ட் அடித்து அழிக்கப் போகிறேன் என்று அறிவித்தார். அதற்கு ஆதாரமாக அப்சலோம் கதையை எடுத்தார். தாவீதின் மகன் அப்சலோம், தன் பெயரைச் சொல்லப் பிள்ளை இல்லையே என்று உயிரோடிருக்கும்போதே தனக்காக ஒரு தூண் நாட்டிக்கொண்டவன்.

பாஸ்டர் அதை யோசித்துச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சொன்னவுடன் எல்லாத் தலைகளும் மாமா பக்கம் திரும்பின. அவர் சும்மா இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாடிக்குள் கையை விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அத்தை எழுந்தார்.

“ஐயா, ஒரு நிமிசம். புள்ள இல்லாதவன் தூணு நட்டா தப்பு. புள்ள இருக்கறவன் ஃபேனு மாட்னா புண்ணியமா?”

“சிஸ்டர், நான் அப்படிச் சொல்லல...”

“பின்ன எப்டி சொன்ன? எங்களுக்குன்னு உன் புஸ்தகத்துல ஒன்னியும் இல்லியா? இல்லன்னா சொல்லிடு. நான் வடபழனியில கேட்டுக்கறேன்.”

பாஸ்டர் அவசரமாக வேதத்தைத் திறந்தார். “இருக்கு சிஸ்டர், இருக்கு” என்று பக்கங்களைப் புரட்டினார். ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் நிறுத்தினார். நான் அதைத் தேடிச் சுவரில் போட்டேன். பிள்ளை பெற வழியில்லாதவன், நான் பட்டுப்போன மரம் என்று சொல்ல வேண்டாம்; என் உடன்படிக்கையைப் பற்றிக்கொள்கிறவனுக்கு என் வீட்டில், என் சுவர்களுக்குள், பிள்ளைகளைக் காட்டிலும் மேலான ஒரு பெயரைக் கொடுப்பேன், அது அழியாது என்று கடவுள் சொல்வதாக இருந்தது. பாஸ்டர் அதை மாமாவைப் பார்த்தே வாசித்தார். அவர் நல்ல மனிதர்.

“நைனா, அத இன்னொரு வாட்டி படி” என்றார் அத்தை என்னைப் பார்த்து. படித்தேன்.

“என் வூட்ல. என் செவுத்துக்குள்ள. பேரு. அப்டித்தான போட்டுகீது?”

“ஆமா அத்தே.”

“அவரே செவுத்துல பேரு தரேன்னு சொல்லிகிறாரு. நீ இன்னாத்துக்கு ஐயா பெயிண்டு அடிக்கிற?”

மின்விசிறிக் குடும்பம் எழுந்து நின்று, “ஆமென்!” என்றது. கடிகாரக் குடும்பமும் எழுந்தது. அந்த வசனம் பெயிண்ட்டைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தெரியும், பாஸ்டருக்கும் தெரியும். ஆனால் அது எதைப் பற்றியது என்று அந்த நிமிஷம் என்னைக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். அழியாத பெயர் என்றால் யார் வாயில், எந்தச் சுவரில்? மாமாவுக்கு அது நிறைவேற வேண்டும் என்று மட்டும் ஆசையாக இருந்தது.

வெள்ளிப் பெயிண்ட் கைவிடப்பட்டது. மாமாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: டேங்கைப் பழையபடி வைத்து அவரே சரிசெய்ய வேண்டும், பெயரைச் சாலைப் பக்கமாக, ஒரு சாண் எழுத்தில் மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆற்றுப் பக்கத்துச் சுப்புராயன் அழிய வேண்டும். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

குழாய் வேலை முடிந்த காலையில் பீர் முஹம்மது கறுப்புப் பெயிண்ட்டோடு வந்தார். ப்ரொஜெக்டருக்கு வரும் ஒயரைப் பார்க்க நானும் மாடிக்குப் போயிருந்தேன். பாய் தூரிகையைத் தோய்த்து முதல் எழுத்தின் பக்கம் கொண்டுபோகும்போது கீழே ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“யோவ், சுப்புராயா!”

சுவருக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரைக் குடிசைகள். பாதிக் குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியாகிவிட்டது. மீதிப் பேர் இருக்கிறார்கள், குழாய் இல்லாமல். புது டேங்க் வைத்தபோது, நிரம்பி வழியும் தண்ணீர் சாலையில் விழுந்தால் சேறாகும் என்று மாமா அது வெளியேறும் குழாயை ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மாமா எட்டிப் பார்த்தார். ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார். பின்னால் இன்னும் பலர். குடத்தோடு நின்றவர் பெயர் சீதா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“யாரு மே நீ? எம் பேரு உனக்கு எப்டித் தெரியும்?”

“நல்லா கேட்ட போ! இம்மாம் பெருசா எய்தி வெச்சிகிற, நாங்க இன்னா குருடா? தெனம் காலீல எயுந்தா, சுப்புராயன் வந்துச்சா, சுப்புராயன் வந்துச்சான்னு உன்னியத்தான் கேட்டுக்கினு கீறோம்.”

“என்னியவா?”

“தண்ணியத்தான்யா! இத்தினி நாளா ஒரு சொட்டு வல்ல. பேரு மட்டும் பெருசா போட்டுக்கினு டபாய்க்கிறியா? கஸ்மாலம்!”

பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் இதுவரை கேட்டிராத சில சொற்களும் மேலே வந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் சுப்புராயன் இருந்தது.

மாமா எங்கள் பக்கம் திரும்பினார். மூக்கு சிவந்திருந்தது. “கேட்டியா பாய்? திட்டுறாங்க. பேரச் சொல்லித் திட்டுறாங்க.”

“கேட்டுச்சு அண்ணாத்த. அயிச்சுடட்டா?”

“தொட்ட, கைய ஒட்ச்சிடுவேன்.”

பாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு, பாலைவனத்தில் ஜனங்கள் மோசேயோடு தண்ணீருக்காகச் சண்டை போட்ட இடத்துக்கு மேரிபா என்றே பெயர் வந்துவிட்டது, சண்டை என்று அர்த்தம் என்றார். சாலைப் பக்கம் ஒரு சாண் பெயரை மாமா வேண்டாம் என்றுவிட்டார். ஆபிரகாம் அங்கேயே இருந்துகொள்ளட்டும் என்றார்.

அந்த மேரிபா கதையை வீட்டில் மறுபடி படித்துப் பார்த்தேன். அந்த ஜனங்கள் கடவுளை அதிகம் கூப்பிட்டது நன்றி சொல்ல அல்ல. தண்ணீர் எங்கே, சாப்பாடு எங்கே, எங்களை ஏன் கூட்டிவந்தாய் என்றுதான். அவரும் போதும் என்று விட்டுவிட்டுப் போகவில்லை. உண்மையுள்ளவர் என்று அவரைப் பாடுகிறோமே, அது இதுதானோ? திட்டினாலும் மறுநாள் காலை அங்கே இருப்பதா? எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ப்ரொஜெக்டர் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா இப்போது நிரம்பி வழிய வேண்டும் என்றே நிரப்புகிறார். ஆற்றுப் பக்கம் குழாயில் திறந்து மூட ஒரு திருகு வைத்துக் கொடுத்திருக்கிறார். நேற்றுக் காலை அவர் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

“இன்னாடி, இன்னிக்கு சுப்புராயன் கலங்கலா கீது?”

“நேத்தே அப்டித்தான். கொஞ்ச நேரம் வெச்சா தெளிஞ்சிடும்.”

மாமா பிரேக் போட்டார். ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்.

“யாரு மே அது, என்னியக் கலங்கலுன்னது?”